மஞ்சக் கறையும் கிளிஞ்சலும்: வேதியியல் மாற்றத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வணக்கம் பசங்களா. காலைல ஏழரை மணி. ராயபுரம், எங்க வீட்டு மொட்டை மாடி. பின்னாடி கேக்குறது காக்கா சத்தம். காசிமேட்டுல போட் வந்து மீன் இறங்குற நேரம் இது, அதான் இத்தனை காக்கா. வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு வேலையை ஆரம்பிச்சு வச்சிடணும். அது சாயங்காலம் வரைக்கும் தானா நடக்கும். முதல்ல அதைக் காட்டிடறேன், அப்புறம் உக்காந்து பேசலாம்.

இது அப்பாவோட பழைய வேட்டி, கைக்குட்டை அளவுக்கு ரெண்டு துண்டாக் கிழிச்சிருக்கேன். நேத்து ராத்திரியே மஞ்சத்தூளைத் தண்ணில குழைச்சு ரெண்டுலயும் பூசி, நல்லா அலசிக் காய வச்சாச்சு. அலசியும் போகல பாருங்க, பளிச்சுனு மஞ்சளா நிக்குது. சாம்பார் சிந்தின யூனிஃபார்ம் சட்டை மாதிரி.

முதல் துண்டை எடுத்துக்கிறேன். துணி துவைக்கிற சோப்புக் கட்டியை ஈரம் பண்ணி ஒரு கோடு இழுக்கிறேன். கேமராவக் கிட்ட கொண்டு வர்றேன், இருங்க. பாத்தீங்களா? கோடு போட்ட இடம் மட்டும் சிவந்துடுச்சு. குங்குமக் கலர். சோப்புக் கட்டி வெள்ளை, துணி மஞ்சள், இந்தச் சிவப்பு எங்கேருந்து வந்துச்சு? இப்ப அந்தக் கோட்டு மேலயே எலுமிச்சம்பழத்தைப் பிழியறேன். ஒரு சொட்டு. ரெண்டு சொட்டு. சொட்டு விழுந்த இடம் திரும்பவும் மஞ்சள். மறுபடி சோப்பு, மறுபடி சிவப்பு. எத்தனை தடவை வேணாலும் பண்ணலாம்.

ரெண்டாவது துண்டைத் தொடப் போறதில்ல. அதுக்கு நடுவுல கருப்பு அட்டைல வெட்டின ஒரு வட்டத்தை வச்சு, துணி பறக்காம, அட்டையும் நகராம சுத்தி கிளிப் போட்டுடறேன். கொடில போட்டாச்சு, கிழக்குப் பாத்து. இது இருக்கட்டும். சாயங்காலம் வந்து பாக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் எங்க கீழ் வீட்டுப் பையன், ஏழாவது படிக்கிறான், இந்தச் சோப்பு எலுமிச்சை விளையாட்டைப் பாத்துட்டு ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, சிவப்பு திரும்ப மஞ்சளாயிடுச்சே, அப்ப இது இயற்பியல் மாற்றம்தானே?" அவன் சரியாத்தான் யோசிச்சிருக்கான், அவனுக்குச் சொல்லிக் குடுத்தபடி. திரும்பி வந்தா இயற்பியல் மாற்றம், திரும்ப வராட்டா வேதியியல் மாற்றம். எனக்கும் நான் படிச்ச பள்ளிக்கூடத்துல இதைத்தான் சொன்னாங்க. அதை அப்படியே எழுதி முழு மார்க்கும் வாங்கினேன். அந்த மார்க்கை நினைச்சா எனக்கு இன்னைக்கும் வருத்தமா இருக்கு, ஏன்னா அந்தப் பதில் தப்பு. தப்பான பதிலுக்கு மார்க் குடுத்துட்டா, அதை மறக்கிறதுக்குப் பல வருஷம் ஆகுது. நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுத்த பிறகுதான் அந்த முடிச்சே அவிழ்ந்துச்சு.

உங்க புஸ்தகத்துல ரெண்டு ஜோடி இருக்கும், நல்லாக் கவனிச்சுப் பாருங்க. மீள் மாற்றம், மீளா மாற்றம், இது ஒரு ஜோடி. இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம், இது வேற ஜோடி. ரெண்டும் ரெண்டு வேற கேள்விக்குப் பதில். ஒண்ணு, "பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?"ன்ற கேள்வி. இன்னொண்ணு, "புதுப் பொருள் ஏதாவது உண்டாச்சா?"ன்ற கேள்வி. நாம ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டுடறோம்.

அரிசியை மிஷின்ல குடுத்து மாவா அரைச்சுட்டு வர்றோம். அந்த மாவு திரும்ப அரிசியாகுமா? ஆகவே ஆகாது. ஆனா மாவும் அரிசியும் ஒரே பொருள்தான், சின்னச் சின்னதா ஆயிருக்கு, அவ்வளவுதான். மீளா மாற்றம், ஆனா இயற்பியல் மாற்றம். மஞ்சள் சிவப்பாகித் திரும்ப வந்தது மீள் மாற்றம், ஆனா வேதியியல் மாற்றம். மஞ்சள்ல குர்குமின்னு ஒரு பொருள் இருக்கு, அந்தக் கலரே அதோடதுதான். சோப்புல இருக்கிற காரம் அந்தக் குர்குமின் மூலக்கூறுலேருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்குது. பிடுங்கினதும் மூலக்கூறு மாறிடுது, அது வெளிச்சத்தை வாங்குற விதமும் மாறுது, நம்ம கண்ணுக்குச் சிவப்பாத் தெரியுது. எலுமிச்சைல இருக்கிற அமிலம் அந்த ஹைட்ரஜனைத் திருப்பிக் குடுக்குது. கல்யாண வீட்டுல ஆரத்தித் தட்டு பாத்திருப்பீங்க. மஞ்சத் தண்ணில கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைச்சா செக்கச்செவேல்னு ஆகுமே, அதுவும் இதேதான். பாட்டிங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வேதியியல் மாற்றம் அது.

இப்ப சுண்ணாம்பு. இன்னைக்கு நான் பேச வந்ததே முக்கியமா இதைப் பத்தித்தான்.

என் கைல இருக்கிறது கிளிஞ்சல், பீச்சுல பொறுக்கினது. நம்ம சென்னைப் பக்கம், பழவேற்காடு ஏரில எல்லாம் இந்தக் கிளிஞ்சலை எடுத்துச் சூளைல வச்சுச் சுட்டு சுண்ணாம்பு பண்ணுவாங்க. பழைய மெட்ராஸ் வீடுங்கள்ல, பெரிய பங்களாங்கள்ல, சுவர் சலவைக்கல் மாதிரி வழவழன்னு மின்னும். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சுன்னு அதுக்கு ஊரெல்லாம் பேரு. அந்தப் பூச்சுல இருக்கிற சுண்ணாம்பு கிளிஞ்சல்லேருந்து வந்தது.

கிளிஞ்சல்னா கால்சியம் கார்பனேட். அதை நல்ல சூட்டுல சுட்டா கார்பன் டை ஆக்சைடு வாயு பிரிஞ்சு போயிடும், மிஞ்சுறது கால்சியம் ஆக்சைடு. அதுதான் சுட்ட சுண்ணாம்பு. நூத்துக்கு நூறு சுத்தமான கால்சியம் கார்பனேட்டா இருந்தா, 100 கிலோ சுட்டா 56 கிலோதான் மிஞ்சும். 44 கிலோ காத்தோட போயிடும்! பாத்தா அதே வெள்ளைக் கிளிஞ்சல் மாதிரிதான் இருக்கும், தூக்கினா லேசா இருக்கும்.

அதுல தண்ணி ஊத்தணும். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது பொங்கலுக்கு முன்னாடி தாத்தா பழைய டிரம்முல சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணி ஊத்துவாரு. எங்களை எல்லாம் திண்ணைக்கு அந்தப் பக்கம் நிக்க வச்சிடுவாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்காது. அப்புறம் ஒரு சத்தம் வரும், புஸ்ஸுனு. கல்லு வெடிச்சு உதிரும். தண்ணி தளதளன்னு கொதிக்க ஆரம்பிக்கும், ஆவி மேல எழும்பும். அடியில அடுப்பு கிடையாது, நெருப்பு கிடையாது. அந்தச் சூடு எங்கேருந்து வருதுன்னு நான் கேட்டதுக்கு, "சுண்ணாம்பு தாகம் தீர்த்துக்குது"ன்னு சொன்னாரு. ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுச்சு, கால்சியம் ஆக்சைடும் தண்ணியும் சேந்து கால்சியம் ஹைட்ராக்சைடா மாறும்போது வெளிய வர்ற வெப்பம் அது. நீற்றுச் சுண்ணாம்புன்னு புஸ்தகத்துல இருக்கும். கணக்குப் போட்டா அந்த 56 கிலோவோட 18 கிலோ தண்ணி சேந்து 74 கிலோ ஆகும்.

அதைக் கரைச்சு வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையால சுவத்துல அடிப்பாங்க. அடிச்ச அன்னைக்கு ஒரு மாதிரி மங்கலாத் தெரியும். நாள் போகப் போக வெள்ளை ஏறும், கெட்டிப்படும். வெறுமனே காஞ்சதால மட்டும் இல்ல. காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை அது கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டு, தண்ணியை விட்டுடுது. இழுத்து முடிச்சா என்ன ஆகும் சொல்லுங்க? கால்சியம் கார்பனேட். 74 கிலோவுல 18 கிலோ தண்ணி போயி 44 கிலோ வாயு வந்து சேந்தா, 100 கிலோ. சூளைல போனது சுவத்துல திரும்பி வந்துடுச்சு. கடல்ல எந்தப் பொருளா இருந்துச்சோ, அதே பொருளா இப்ப சுவத்துல ஒட்டியிருக்கு.

மூணு மாற்றம், மூணும் வேதியியல் மாற்றம், கடைசில புறப்பட்ட இடத்துக்கே வந்தாச்சு. இதைத்தான் அந்தக் கீழ் வீட்டுப் பையனுக்குச் சொன்னேன். திரும்பி வந்துச்சேன்னு பாக்காத. நடுவுல அது என்னவா இருந்துச்சுன்னு பாரு. கிளிஞ்சலைத் தண்ணில போட்டா சும்மா கிடக்கும், சுட்ட சுண்ணாம்பைப் போட்டா கொதிக்கும். குணமே மாறிப்போச்சுன்னா அது வேற பொருள்.

(சுட்ட சுண்ணாம்பை யாரும் வீட்டுல பண்ணிப் பாக்காதீங்க. கண்ணுல தெறிச்சா பார்வைக்கே ஆபத்து. தாத்தா எங்களை ஏன் தள்ளி நிறுத்தினாருன்னு இப்பதான் புரியுது.)

சரி, மாடிலேருந்து சமையக்கட்டுக்கு வந்துட்டேன். இந்தக் கண்ணாடி ஜாடில நேத்து சாயங்காலம் அரைச்ச இட்லி மாவு. ஊத்தும்போது எந்த மட்டத்துல இருந்துச்சோ அங்க ஒரு ரப்பர் பேண்ட் போட்டேன். இப்ப மாவு எங்க நிக்குது பாருங்க, ரப்பர் பேண்டுக்கு நாலு விரல் மேல. கண்ணாடி ஓரமா பாருங்க, தேன்கூடு மாதிரி குமிழி குமிழியா.

கிரைண்டர்ல அரைச்சது இயற்பியல் மாற்றம். நாம தூங்குனப்புறம் நடந்தது வேதியியல் மாற்றம். அரிசியிலயும் உளுந்துலயும் ஒட்டிட்டு வர்ற பாக்டீரியாதான் அந்த வேலையைச் செய்யுது. லியூகோனாஸ்டாக்னு ஒரு வகை, இட்லி மாவைப் பொங்க வைக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு. மாவுல இருக்கிற சர்க்கரையை எடுத்துக்கிட்டு லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குது. அமிலத்தால புளிப்பு, வாயுவால உப்பல். உளுந்தோட வழவழப்பு அந்த வாயுவை வெளிய விடாமப் பிடிச்சு வச்சிக்கும், அதனாலதான் உளுந்து கம்மியாப் போட்டா இட்லி கல்லு மாதிரி வருது. மே மாசத்துல அஞ்சாறு மணி நேரத்துல பொங்கி வழியும், மார்கழில விடிஞ்சும் அப்படியே கிடக்கும். வேதியியல் மாற்றத்துக்கும் சூட்டுக்கும் உள்ள உறவை எங்க அம்மா மாவுப் பாத்திரத்தை எங்க வைக்கிறாங்கன்றதுலயே பாத்துடலாம். மார்கழி வந்தா பாத்திரம் அடுப்பு மேடைக்குப் போயிடும்.

மாவு ரெண்டு பங்காச்சே, எடையும் ரெண்டு பங்காயிருக்குமா? யோசிங்க. வீட்டுல தராசு இருந்தா அரைச்சதும் ஒரு தடவை, காலைல ஒரு தடவை நிறுத்துப் பாருங்க. ஏறியிருக்காது. வெளிய போன வாயு அளவுக்குத் துளி இறங்கியிருக்கலாம்.

குமிழின்னதும் இதையும் சொல்லிடறேன். குமிழி வந்தா வேதியியல் மாற்றம்னு புஸ்தகத்துல ஒரு அடையாளமாக் குடுத்திருப்பாங்க. அடையாளம் சரி, ஆனா அது சந்தேகப்பட ஒரு காரணம்தான், சாட்சி ஆகாது. தண்ணி கொதிக்கும்போது குமிழி வருது, அது வெறும் நீராவி, அதுவும் தண்ணிதான். பன்னீர் சோடா மூடியைத் திறந்தா பொங்குது, ஏற்கெனவே அழுத்தி வச்சிருந்த வாயு வெளிய வருது. ஆப்ப சோடாவுல எலுமிச்சைச் சாறு ஊத்தினாலும் பொங்குது, ஆனா அங்க அந்த வாயு அப்பதான் உண்டாகுது. மூணும் கண்ணுக்கு ஒரே மாதிரி. கலரும் அப்படித்தான். ரோஸ்மில்க் எசன்ஸைப் பால்ல ஊத்தினா பால் ரோஸ் ஆகுது, கலந்துருக்கு, அவ்வளவுதான். சோப்பு போட்ட மஞ்சள்ல சிவப்பு யாரும் ஊத்தலையே, அது தானா உண்டாச்சு. குளுக்கோஸைத் தண்ணில கரைச்சா டம்ளர் ஜில்லுனு ஆகும், ஆனா கரைஞ்சதுதான் நடந்துச்சு, குடிச்சுப் பாத்தா அதே இனிப்பு. ஒரு அடையாளத்தைப் பாத்ததும் "வந்தது எது, அது முன்னாடியே இருந்துச்சா?"ன்னு ஒரு தடவை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

கற்பூரம் ஒரு நல்ல சோதனை. டப்பாவுல வச்ச கற்பூரம் மாசம் போகப் போக இளைச்சுட்டே வரும், காத்துல வாசனையாப் போயிட்டே இருக்கும். உருகாம நேரா வாயுவாகுற இதுக்குப் பேரு பதங்கமாதல். அது இயற்பியல் மாற்றம். அதே கட்டியைத் தட்டுல ஏத்தினா வேதியியல் மாற்றம். ரெண்டுலயும் கற்பூரம் காணாமத்தான் போகுது.

இன்னைக்குக் காலைல சங்கரா மீன் வாங்கினேன். மார்க்கெட்டுல மீன் மேல ஐஸ் உடைச்சுப் போட்டிருப்பாங்கல்ல, அந்த ஐஸ் உருகுறது இயற்பியல் மாற்றம். மெரினாவுல விவேகானந்தர் இல்லம் இருக்கே, அந்தக் கட்டடத்துக்கு ஐஸ் ஹவுஸ்னு ஏன் பேருன்னு தெரியுமா? 1842-ல ஐஸ் வைக்கிறதுக்குன்னே கட்டினது. அமெரிக்காவுல குளிர்காலத்துல ஏரியில உறைஞ்ச ஐஸை அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, கப்பல்ல மாசக்கணக்கா கடல்ல கொண்டு வந்து இங்க வச்சிருந்தாங்க. வர்ற வழியில கொஞ்சம் உருகித்தான் போயிருக்கும். உருகினதும் தண்ணி, உருகாததும் தண்ணி.

ஆனா அந்த ஐஸ் இல்லாம மீனை வெளிய வச்சா வர்ற கவிச்சி வாசனை இருக்கு பாருங்க, அது வேதியியல் மாற்றம். கடல் மீன் உடம்புல வாசனை இல்லாத ஒரு பொருள் இருக்கு. மீன் செத்ததுக்கப்புறம் பாக்டீரியா அதை ட்ரைமெத்தில் அமீனா மாத்துது. அதோட வாசனைதான் அது. ஐஸ் போட்டா அந்த மாற்றம் மெதுவாகும். மீனைப் புளித்தண்ணியோ எலுமிச்சையோ போட்டுக் கழுவறாங்களே, ஏன்? அமீன் ஒரு காரம். அமிலம் பட்டதும் அது உப்பா மாறி, காத்துல கிளம்ப முடியாமத் தண்ணியோடயே கழுவிட்டுப் போயிடுது. மூக்கு ஒரு நல்ல கருவி. புது வாசனை வந்தா எங்கயோ புதுப் பொருள் வந்திருக்கலாம்.

எங்க வீட்டு மாடிக் கதவைக் காட்டறேன். மூணு வருஷம் முன்னாடி பெயின்ட் அடிச்ச கிரில். பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி நிக்குது பாருங்க. நகத்தால தட்டினா அடியில துரு கொட்டுது. இரும்பு, ஆக்சிஜன், தண்ணி மூணும் சேந்தாத்தான் துரு. கடல் காத்துல வர்ற உப்பு அந்த ஈரத்துல கரைஞ்சு அதை வேகப்படுத்துது, அதனாலதான் கடலுக்குத் தூரமா திருத்தணில இருக்கிற எங்க மாமா வீட்டுக் கேட் இன்னும் புதுசாட்டம் இருக்கு. ஆணியை வளைக்கலாம், துருவை வளைச்சா பொடியாயிடும். துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும், பெயின்ட் உப்புறது அதனாலதான். கான்க்ரீட் உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சாலும் இதேதான், இடம் பத்தாம உள்ளேருந்து தள்ளும், காரை பெயர்ந்து விழும். கடலோரக் குடியிருப்புங்கள்ல தாழ்வாரத்துக்கு மேல கம்பி தெரியறதைப் பாத்தா அடியில நிக்காதீங்க பசங்களா, வீட்டுல சொல்லுங்க.

அப்புறம், பீச் ஸ்டேஷன்லேருந்து தாம்பரம் டிரெயின்ல போறவங்களுக்கு ஒண்ணு. குரோம்பேட்டைன்ற பேருலயே ஒரு வேதியியல் மாற்றம் இருக்கு. அங்க இருந்த குரோம் தோல் தொழிற்சாலையாலதான் அந்தப் பேரு. பச்சைத் தோலை அப்படியே விட்டா அழுகிடும். குரோமியம் உப்புல பதப்படுத்தினா, அது தோல்ல இருக்கிற கொல்லாஜன்ற புரத இழைங்களோட பிணைஞ்சு ஒண்ணோட ஒண்ணைக் கட்டிப் போட்டுடும். அதுக்கப்புறம் அது அழுகாது, செருப்பாகும், பையாகும். அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துல இப்பவும் அந்த வேலைதான் ஆராய்ச்சியா நடக்குது.

வீட்டுல செஞ்சு பாக்கணும்னு ஆசை வந்திருக்கும். மஞ்சள், எலுமிச்சை, ஆப்ப சோடா, இட்லி மாவு, ஆணி, இதெல்லாம் தாராளமாப் பண்ணுங்க. ஆனா பாத்ரூம் கழுவுற ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் மட்டும் சேக்கவே சேக்காதீங்க. குளோரின் வாயு வரும், நுரையீரலைப் புண்ணாக்கிடும். மழைக்காலத்துல எல்லா வீட்டுலயும் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும், அதனாலதான் சொல்றேன். வேலை செய்யற அக்காங்க, அம்மா, யாரு கழுவினாலும் போய்ச் சொல்லுங்க.

இப்ப மணி நாலரை. திரும்ப மாடிக்கு வந்தாச்சு. வெயில் மேற்க போயிடுச்சு. கொடிலேருந்து துணியை எடுக்கிறேன். கிளிப்பை ஒவ்வொண்ணாக் கழட்டறேன். அட்டை இன்னும் மேலதான் இருக்கு, அதுக்கு வெளிய துணியைப் பாருங்க, காலைல இருந்த மஞ்சள் எங்க? வெளுத்துக் கிட்டத்தட்ட பால் கலருக்கு வந்துடுச்சு. யாரும் சோப்பு போடல, தேய்க்கல. வெயில் குர்குமினை உடைச்சுக் கலர் இல்லாத சின்னச் சின்னத் துண்டாக்கிடுச்சு. வெளுத்த இடத்துல எலுமிச்சை பிழிஞ்சு பாக்கிறேன். இல்ல, மஞ்சள் வரல. இப்ப அட்டையைத் தூக்கறேன்.

வட்டம் அப்படியே இருக்கு, காலைல பூசின மாதிரி.